வேலூர் சபையிலிருந்து இலங்கைக்கு நிவாரணக் குழு: அழைப்புக் கடிதம் முதல் கணக்கு வாசிப்பு வரை

வெள்ளம், மண்சரிவு என்று செய்தி வந்த அடுத்த ஞாயிறே ஆலய வராந்தாவில் துணி மூட்டைகள் சேர ஆரம்பித்துவிடும். மூன்றாவது வாரம் அந்த மூட்டைகளை யார் கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது என்று கமிட்டியில் சண்டை நடக்கும். வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். பொருள் சேகரிப்பது கடைசி வேலை. அழைப்பு, பணம், ஆட்கள், அனுமதி, அதற்குப் பிறகுதான் பொருள். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கட்டத்திலும் செலவு கூடும்.

இங்கே இலங்கையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துச் சபைகளுக்கு எட்டும் தூரத்தில், தமிழிலேயே பேசிப் பழகக்கூடிய நாடு அது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலையகத்தை எப்படிச் சிதைத்தது என்பதைப் பார்த்தோம். நேபாளம் போகிறவர்களுக்கும் வரிசை இதுதான். ஐந்தாம் பகுதியில் மட்டும் அவர்களுக்கென ஓர் எச்சரிக்கை உண்டு.

1. முதலில் அழைப்புக் கடிதம்

அங்கே உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு சபை அல்லது அமைப்பு எழுத்தில் சம்மதிக்கும்வரை எதையும் அறிவிக்காதீர்கள். சி.எஸ்.ஐ. சபைகளுக்கு வழி சுலபம். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயம் அங்கேயே இருக்கிறது. மலையகத்துக்கு மெதடிஸ்த திருச்சபை, இலங்கைத் திருச்சபை வழியாகப் போகலாம். கத்தோலிக்கப் பங்குகளுக்குக் காரித்தாஸ் இருக்கிறது. உங்கள் பேராய அலுவலகம் வழியாகவே எழுதுங்கள். ஒரு போதகர் இன்னொரு போதகருக்கு வாட்ஸ்அப்பில் "வாங்க ஐயா, பார்த்துக்கலாம்" என்று சொன்னதை அழைப்பாக எண்ணிக் கிளம்பியவர்கள் விமான நிலையத்திலேயே முழிப்பார்கள்.

கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்த மாவட்டம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு (நம் தாலுகா போன்றது), எத்தனை குடும்பம், என்ன தேவை, எந்தத் தேதிக்குள். "எல்லாம் தேவை" என்று பதில் வந்தால் திருப்பிக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் கையெழுத்திட்ட குடும்பப் பட்டியல் இல்லாமல் எண்ணிக்கையை நம்ப முடியாது. நம் ஊர் வி.ஏ.ஓ. செய்யும் வேலையை அங்கே அவர்தான் பார்க்கிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு தோட்டத்தில் நிவாரணம் கொடுத்தால், அரசுப் பட்டியலிலும் உங்கள் பட்டியலிலும் ஒரே குடும்பம் இரண்டு முறை வரும், பக்கத்து லயன் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு முறைகூட வராது.

2. எப்போது போவது

முதல் இரண்டு வாரம் போகாதீர்கள். அப்போது ராணுவம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் (பேரிடர் மேலாண்மை மையம்), உள்ளூர் இளைஞர்கள் வேலையில் இருப்பார்கள். அறையும் வாகனமும் அவர்களுக்கே போதாது. வெளியூர்க் குழுவுக்கு வேலை தொடங்குவது மூன்றாவது வாரத்திலிருந்து. முகாம்கள் மூடப்பட்டு, டி.வி. கேமராக்கள் போன பிறகு, வீடு திரும்பிய குடும்பம் சேறும் நாறும் கிணறுமாக நிற்கும். அந்த நேரத்துக்குத் திட்டமிடுங்கள்.

மலையகம் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், அம்பர் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேற்றம். அம்பர் வந்த பிரிவுக்குள் வண்டியை விடக் கூடாது. அங்கே அவசர எண் 117. எல்லோர் போனிலும் முன்னதாகவே பதிந்து வையுங்கள்.

3. பணம்: யார் பெயரில், எந்த வழியில்

குழுக்கள் அதிகம் இடறும் இடம் இது. பணத்தை மூன்று பையாகப் பிரித்தால் குழப்பம் வராது.

பயணச் செலவு: விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு. இதைப் போகிறவரே தன் கையிலிருந்து போடட்டும். முடியாதவருக்கு நண்பர்கள் தனியாக உதவலாம். நிவாரணக் காணிக்கையிலிருந்து டிக்கெட் எடுத்தால், "அவங்க ஊர் சுத்திப் பார்க்கவா நாங்க காணிக்கை போட்டோம்?" என்ற கேள்வி ஆண்டுக் கூட்டத்தில் கட்டாயம் எழும். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

நிவாரணப் பணம்: இதைச் சபைக் கணக்கிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்கு வெளியே செலவானால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதற்கு விலக்குக் கிடைக்காது. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் வந்த வெளிநாட்டுப் பணத்தின் பக்கமே போகாதீர்கள். அதை வேறு அமைப்புக்கு மாற்றிவிடுவதை 2020-ம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது.

சபை மக்கள் தனித்தனியாகக் கொடுக்க விரும்பினால் வழி இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடங்கும். வங்கிக்குப் பான் அட்டையும், பெறுகிற சபையின் கணக்கு விவரமும் வேண்டும். முதல் முறை என்றால் கிளையில் சில நாள் இழுக்கும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

கைச்செலவு: ஒருவர் ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3,000 டாலர் வரைதான் எடுத்துப் போகலாம். எல்லோருடைய பணத்தையும் பொருளாளர் ஒருவர் பையில் போட்டு எடுத்துப் போவது சட்டத்துக்கும் ஆகாது, பாதுகாப்புக்கும் ஆகாது. அங்கீகாரம் பெற்ற பணமாற்று நிலையத்தில் ஆளுக்கு ஆள் மாற்றி ரசீது வாங்கி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இவ்வளவு அலைய ஆள் இல்லாத சிறிய சபை, இந்தியச் சபைகளின் கூட்டு நிவாரண அமைப்பான காசா (CASA) போன்றதைக் கேட்டுப் பார்க்கலாம். பணம் மட்டும் போவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பல நேரம் அதுதான் சரியான முடிவு.

4. யாரை அழைத்துப் போவது

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் ஒரு வேன் இரண்டாகும், உபசரிக்கிற சபையின் சமையலறை திணறும்.

தலைவர், பொருளாளர், சரக்குக் கணக்கர், நர்ஸ் அல்லது மருத்துவர், பம்பு, மோட்டார் தெரிந்த மெக்கானிக் என்று வேலையை முதலில் எழுதி, பிறகு ஆளைத் தேடுங்கள். ஆர்வம் உள்ளவர்களைச் சேர்த்துவிட்டு வேலை தேடினால் ஐந்து பிரசங்கியார் இருப்பார்கள், பம்பைத் திறக்க ஒருவர் இருக்க மாட்டார். பெண்கள் இருவராவது வேண்டும். நாப்கின், உள்ளாடை, குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றியெல்லாம் லயனில் இருக்கும் பெண்கள் ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள்.

வேலூர் என்றாலே டாக்டர் கிடைப்பார், மருத்துவ முகாம் நடத்திவிடலாம் என்று தோன்றும். இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. பதிவு கிடைக்காவிட்டால் உங்கள் மருத்துவர் குழுவினரின் உடல்நலத்தை மட்டும் பார்க்கட்டும். அதற்கே வேலை இருக்கும்.

எல்லோருக்கும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. தடுப்பு மாத்திரை வேண்டுமா, எந்த அளவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லட்டும். காலில் வெட்டோ புண்ணோ இருப்பவர் சேற்று வேலைக்கு வேண்டாம்.

5. பாஸ்போர்ட், விசா, பேச்சு

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். இல்லாதவர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால், பாஸ்போர்ட் கையில் இல்லாதவரை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

விசாவில் குறுக்குவழி வேண்டாம். சுற்றுலா என்று எழுதிவிட்டு நிவாரண வேலைக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அழைக்கிற சபை இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டு எழுதி அனுப்பட்டும். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். கவுண்டரில் கேட்கும் கேள்விக்கு எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடித நகல் ஆளுக்கு ஒன்று கையில் இருக்கட்டும், தலைவரின் பையில் மொத்தமாக அல்ல.

கைப்பிரதி, சுவிசேஷப் புத்தகம், சபைப் பெயர் அச்சடித்த பை, பேனர் எதுவும் வேண்டாம். செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் 1994-ல் ஏற்ற நடத்தை விதி, உதவியை எந்த மதக் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் திரும்பிவிடுவீர்கள். "அரிசி கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள்" என்ற பேச்சு அங்கேயே வாழும் சபையின் தலையில் விடியும். ஜெபிக்கச் சொல்லி யாராவது கேட்டால் உள்ளூர்ப் போதகர் ஜெபிக்கட்டும்.

நேபாளத்தில் இது இன்னும் கடுமை. 2015 அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடை செய்கிறது. குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறையும், வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தலும் உண்டு. அங்கே நிவாரண வண்டியில் ஒரு கைப்பிரதி இருந்தாலும் வினைதான்.

6. எதை எடுத்துப் போவது, எதை அங்கே வாங்குவது

எண்பது விழுக்காடு பொருளை அங்கேயே வாங்குங்கள். கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலோ, ஹட்டன், பதுளை, நுவரெலியா போன்ற பக்கத்து டவுனிலோ வாங்கினால் சுங்கத் தொல்லை இல்லை, விமான எடை இல்லை. வெள்ளத்தில் நொடித்த உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

கணக்குப் போட்டே பாருங்கள். வேலூர் லாங்கு பஜாரில் 12-க்கு 18 அடி தார்ப்பாய், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனத்தில் வாங்கினால் ஒன்று ஏறக்குறைய 4 கிலோ. ஒருவருக்கு 20 கிலோ அனுமதி என்றால் ஐந்து தார்ப்பாய். எட்டுப் பேர் மாற்றுத் துணிகூட இல்லாமல் போனாலும் நாற்பதுதான். அந்த நாற்பதுக்காக சுங்கத்தில் அரைநாள் நிற்க வேண்டியிருக்கும், ஒரே மாதிரிப் புதுப்பொருள் மொத்தமாக இருந்தால் வியாபாரச் சரக்கு என்றுதான் நினைப்பார்கள். கொண்டுபோயே ஆக வேண்டுமானால், பெறுகிற அமைப்பின் பெயரில் கடிதமும் விலைப்பட்டியலும் வைத்து, சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லுங்கள்.

இங்கிருந்து எடுத்துப் போகத் தகுந்தவை குறைவு: நல்ல ரப்பர் கையுறை, நெற்றி விளக்கு, குளோரின் சோதனைக் கிட், பம்புக்கு உதிரி வாஷர், குழுவின் முதலுதவிப் பை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் பிரச்சினை இல்லை.

எடுத்துப் போகவே கூடாதவை:
பழைய துணி. பிரிக்க ஆள் கிடையாது, மழையில் நனைந்து குப்பையாகும்.
பிளீச்சிங் பவுடர். விமானத்தில் ஆபத்துச் சரக்கு.
சேட்டிலைட் போன். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் நம் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.
டிரோன், வாக்கி டாக்கி. அங்கே முன் அனுமதி வேண்டும்.
நன்கொடை மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதி இருக்க வேண்டும், சாம்பிள் மாத்திரை கூடாது. மேலே இலங்கை ஔடத அதிகார சபையின் ஒப்புதலும் தேவை. அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளை மூதாட்டிகள் பாசத்தோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். நன்றி சொல்லி, மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள்.

7. குடும்பப் பையைக் கணக்கிடுவது

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது நிவாரணத்தில் வழக்கமான அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏழு நாளைக்கு 73,500. அரிசி 15 கிலோ, மைசூர்ப் பருப்பு 3 கிலோ, தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், சீனி 1 கிலோ போட்டால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். உப்பு, தேயிலை, மிளகாய்த்தூள், சோப்பு, நாப்கின் தனி.

மொத்தம் 20 கிலோவைத் தாண்டும். இதை ஒரே சாக்கில் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. லயனுக்குப் போகும் பாதை பல இடங்களில் படிக்கட்டு, மழையில் வழுக்கும். கைக்குழந்தையோடு வரும் பெண் 20 கிலோ சாக்கைத் தூக்க முடியாமல் அங்கேயே பிரித்து, பாதியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அரிசியை 7, 8 கிலோவாகப் பிரித்து இரண்டு பையாகக் கட்டுங்கள்.

அரிசி வாங்கும் முன் எந்த ரகம் என்று கேளுங்கள். பல வீட்டில் சம்பா, சில வீட்டில் 'நாடு' என்ற ரகம். பிடிக்காத அரிசி மறுநாளே கடைக்கு விலைக்கு வரும்.

8. பயணம்

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தொட்டதும் வண்டி நகராது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு உள்ளே நிற்க வேண்டும் என்றால், வீட்டிலிருந்து குறைந்தது ஏழு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். அதிகாலை விமானம் என்றால் முந்தின இரவே பல்லாவரம் பக்கம் தங்கிவிடலாம். மூட்டைகளை வீட்டிலேயே எடை போட்டு, எடையை மார்க்கரில் மேலே எழுதுங்கள்.

9. விநியோக நாள்

முந்தின நாளே டோக்கன் கொடுத்துவிடுங்கள். பட்டியலை வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தர், தோட்டத்துப் பெரியவர், சபை ஆள் மூவரும் வீடு வீடாகப் போய்க் கொடுக்கட்டும். டோக்கனில் எண்ணும் நேரமும் இருக்க வேண்டும். நேரம் போடாவிட்டால் காலை ஆறு மணிக்கே எல்லோரும் வந்து வெயிலில் நிற்பார்கள்.

ஒரு குடும்பத்துக்கு அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி, பையைக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். 120 குடும்பத்துக்கு ஒரு மேசை என்றால் நான்கு மணி நேரம், இரண்டு மேசை என்றால் இரண்டு மணி நேரம். நுழைவு ஒரு பக்கம், வெளியே போவது மறுபக்கம். இரண்டும் ஒரே வாசலாக இருந்தால் பையோடு போகிறவரும் வெறுங்கையோடு வருகிறவரும் இடித்துக்கொள்வார்கள், வாய்ச்சண்டை அங்கேதான் பிறக்கும்.

கர்ப்பிணிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் அரை மணி நேரம். எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து பை கையிருப்பு வையுங்கள், ஆனால் அது கூட்டத்தின் கண்ணில் படக் கூடாது. பட்டியலில் விடுபட்டவர்கள் கட்டாயம் வருவார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திப் பேசாமல், தனியாக உட்காரவைத்து, கிராம உத்தியோகத்தர் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

பை கைமாறும் நேரத்தில் படம் எடுப்பதைத் தவிருங்கள். குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். சபைக்குக் காட்டப் பொருள் அடுக்கிய படமும் ரசீதும் போதும். சிங்களக் குடும்பங்களும் பட்டியலில் இருந்தால் மேசைக்கு ஒரு சிங்களம் தெரிந்தவர் கட்டாயம்.

10. கிணறு சுத்தம் செய்வது

இதைச் சரியாகச் செய்தால் அரிசியைவிடப் பயன் அதிகம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். எந்தக் கிணறு முதலில் என்பதையும், மருந்து அளவையும் அவர்தான் முடிவு செய்வார்.

முதலில் சுற்றியுள்ள சேற்றை அப்புறப்படுத்துங்கள். பிறகு தண்ணீரை மெதுவாக இறைக்க வேண்டும். மண் ஊறியிருக்கும்போது வேகமாக இறைத்தால் வெளிப்பக்க அழுத்தத்தில் உறைச்சுவர் உள்ளே சரியும். பெட்ரோல் பம்பை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இறங்குகிற ஆளை நிமிடங்களில் சாய்த்துவிடும். பம்பு மேலே, குழாய் மட்டும் உள்ளே. ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பில் கயிறு, மேலே இருவர்.

சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊறிய பிறகு அளவெடுங்கள். உள்விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று பரிசோதகர் சொன்னால், 33 விழுக்காடு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 1.4 கிலோ வேண்டும். பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், புதிதாகத் திறந்த டப்பாவையே பயன்படுத்துங்கள். வாளியில் கரைத்து, அடியில் வண்டல் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஓர் இரவு யாரும் தொடாதபடி மூடி, பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். மறுநாள் வாடை போகும்வரை இறைத்து, கிட்டில் சோதித்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் நின்ற பிறகு பரிசோதகர் சரி என்றால்தான் குடிக்கக் கொடுக்கலாம்.

ஒரு நாளில் இரண்டு கிணறு நன்றாக முடியும். ஐந்து என்று கணக்குக் காட்டத் துடித்தால் ஒன்றும் சரியாக இருக்காது.

11. கணக்கு

ரசீது வாங்கிய அன்று இரவே, பின்பக்கத்தில் பொருள், அளவு, நோக்கம் மூன்றையும் தமிழில் எழுதுங்கள். சிங்களத்தில் உள்ள ரசீதை ஒரு மாதம் கழித்து வேலூரில் யாராலும் படிக்க முடியாது. வெப்பத்தாள் ரசீது நாளாக மங்கும், அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பணம் மிஞ்சினால் திருப்பிக் கொண்டுவராமல், என்ன வேலைக்கு என்று எழுதிய கடிதத்தோடு அங்குள்ள சபைக்கே கொடுத்து ரசீது வாங்கலாம். அதைச் செய்ய ஒரு தீர்மானம், கிளம்பும் முன்பே கமிட்டியில் போட்டிருக்க வேண்டும். போய்விட்டுப் போனில் அனுமதி கேட்பது சண்டைக்கு வித்து.

திரும்பிய ஒரு மாதத்துக்குள் வரவு செலவை ஆலயத்தில் வாசித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கையெழுத்துப் பட்டியலின் மூலப்பிரதியை அங்குள்ள சபையிடம் விட்டுவிடுங்கள். அதில் குடும்பங்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருப்பதால், அதை வாலிபர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. ஆடிட்டருக்குக் காட்டும் நகலில் எண்களை மார்க்கரால் அடித்துவிடுங்கள்.